கருவி ஒன்றும் இல்லாமல் வீட்டிலேயே மறுபடி உடற்பயிற்சி: விட்டுப்போனவர்கள் எங்கே தொடங்குவது?

கதவோரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிக்க மட்டும் வந்துட்டிருந்தேன், இப்பத்தான் எழுதுறேன்.

ஒரு காலத்துல ஒழுங்கா ஜிம்முக்குப் போன ஆள் நான். வேலை மாறுச்சு, குழந்தை பிறந்துச்சு, ஒரு மாசம் விட்டது வருஷமாச்சு, அப்புறம் கணக்கு பார்க்கிறதையே விட்டுட்டேன். வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை.

டம்பெல், இழுக்கிற ரப்பர் பேண்ட், பார் எதுவும் வாங்கப் போறதில்லை. வாங்குனா அதுல துணிதான் காயும். என்கிட்ட இருக்கிறது ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவர். கீழ்வீட்டுல ஆள் இருக்காங்க, அதனால குதிக்கிற வேலை கிடையாது.

பழைய அளவுல பாதியில ஆரம்பிக்கலாமா, இல்ல சுத்தமா பூஜ்யத்துல இருந்தா? தள்ளுறதுக்குத் தண்டால் இருக்கு, இழுக்கிறதுக்கு என்ன பண்றது? இன்னொண்ணு, உட்கார்ந்து எழுந்தா முழங்கால்ல சடக் சடக்னு சத்தம். வலி இல்லை. பயப்படணுமா?


விறகுவெட்டி

பூஜ்யம் கீஜ்யம் எல்லாம் வேண்டாம் ப்ரோ. ஏற்கெனவே பழகுன உடம்பு, எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். நாளைக்குக் காலையில 100 தண்டால், 100 பஸ்கி, 100 சிட்-அப். எத்தனை செட்டா வேணாலும் பிரிச்சுக்கோங்க, முடிச்சுட்டுத்தான் எழுந்திரிக்கணும். ரெண்டு நாள் படியிறங்க முடியாது. மூணாம் நாள் பழைய ஆளா நிப்பீங்க.


சோம்பேறி_சங்கம்

ரெண்டு நாள் படியிறங்க முடியாதவர் மூணாம் நாள் எங்க சங்கத்துல உறுப்பினர் ஆயிடுவார். வரவேற்கிறோம்.


மலர்_இயன்முறை

விறகுவெட்டி சொன்னதை யாரும் நாளைக் காலையே செய்து பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நான் இயன்முறை மருத்துவர்.

உடம்பு ஞாபகம் வைத்திருக்கும் என்பது பொய்யில்லை. கடுமையாகப் பழகிய தசை இழைகளில் உட்கருக்கள் கூடுகின்றன. பயிற்சியை விட்டபின் தசை மெலிந்தாலும் அந்த உட்கருக்கள் தங்கிவிடுவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதம் நடந்துகொண்டிருக்கிறது. எப்படியானாலும், முதல்முறை சம்பாதிக்க ஆன காலத்தைவிட இழந்ததை மீட்கக் குறைந்த காலமே ஆகும். மூச்சும் சீக்கிரம் திரும்பிவிடும். பயிற்சி நின்ற இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. பலம் அவ்வளவாகக் குறையாதபோதே மூச்சு வாங்குவதற்கு அது ஒரு காரணம். மறுபடி தொடங்கினால் முதலில் தேறுவதும் அதுதான்.

பின்தங்குவது தசைநாண். தசையை எலும்போடு பிணைக்கிற அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும். தசை சில வாரங்களில் தேறினால், தசைநாண் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் நாளில் அடிபட்டு வருகிறவர்கள் குறைவு. மூன்றாவது, நான்காவது வாரத்தில் “நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, திடீர்னு குதிகால் நரம்பு இழுக்குது, முழங்கை வலிக்குது” என்று வருகிறவர்கள்தான் அதிகம். பழகாதவர்களைவிட, பழகி விட்டவர்களுக்கே இது கூடுதல் தொல்லை, ஏனென்றால் அவர்கள் மனதில் பழைய எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் சும்மா இருந்த உடம்பில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்து ராப்டோமயோலைசிஸ் வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. தசை உடைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். தாங்க முடியாத வலி, வீக்கம், சிறுநீர் கரும்பழுப்பாகப் போவது, இதில் எது தெரிந்தாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை.

கதவோரம், உங்களுக்கு: முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். நாலைந்து அசைவு போதும். ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது இரண்டு செட், இன்னும் மூன்று நான்கு எடுக்க முடியும் என்று இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பழைய அளவில் பாதியா என்று கேட்டீர்கள். பழைய அளவைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

முழங்கால் சத்தம்: வலி, வீக்கம், பூட்டிக்கொள்வது, மடங்கிப்போவது இவை இல்லாத வெறும் சத்தத்துக்கு மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம்.


விறகுவெட்டி

மேடம், பயமுறுத்தாதீங்க. நானும் பத்து வருஷமா பண்றவன், எனக்கு ஒண்ணும் ஆகலையே.


மலர்_இயன்முறை

நீங்கள் பத்து வருடம் விடாமல் செய்கிறவர், தம்பி. இந்த இழை விட்டுப்போனவர்களுக்கானது.


கதவோரம்

நன்றி மேடம். “இன்னும் மூணு நாலு எடுக்க முடியும்”னு எப்படித் தெரியும்? எனக்கு எப்பவுமே கடைசி ஒண்ணு வரைக்கும் போய்த்தான் பழக்கம்.


பின்வரிசை

அது பழகப் பழகத்தான் பிடிபடும். ஆரம்பத்துல பெரும்பாலான ஆளுங்க தன்கிட்ட இருக்கிறதைக் குறைச்சுத்தான் மதிப்பிடுவாங்க, ரெண்டுதான் பாக்கின்னு நினைச்சா நிஜத்துல நாலஞ்சு இருக்கும். ஒரு அடையாளம் சொல்றேன்: எவ்வளவு முயற்சி பண்ணாலும் மேல வர்ற வேகம் தானா குறையுதா, அங்க இருந்து உங்க இருப்பு ரெண்டு மூணுதான். முதல் வாரங்கள்ல அந்த வேகம் குறையுறதுக்கு முன்னாடியே நிறுத்திக்கோங்க.

மூச்சு சம்பந்தப்பட்டதுக்கு இன்னும் சுலபம். பேச முடியுது, பாட முடியலைன்னா மிதமான உழைப்பு. ரெண்டு வார்த்தைக்கு நடுவுல மூச்சு இழுக்கணும்னா கடுமையான உழைப்பு. இதயத்துடிப்பு அளக்கிற கடிகாரம், பட்டை எதுவும் தேவையில்லை.

தண்டாலைப் பத்தி ஒரு வார்த்தை. தரையில கை வச்சு முழுசா எடுக்கும்போது உடல் எடையில சுமார் 64 சதவீதம் கையில விழுது. முழங்கால் ஊன்றினா கிட்டத்தட்ட பாதி. 60 சென்டிமீட்டர் உயரத்துல கை வச்சா 40 சதவீதத்தை ஒட்டி வரும். ஆக உங்க மேசை, நாற்காலி, படி எல்லாமே வேற வேற எடைத்தட்டுதான். நான் முழங்கால் ஊன்றுறதைவிட உயரத்துல கை வைக்கிறதைத்தான் சொல்வேன். தலையில இருந்து குதிகால் வரைக்கும் உடம்பு ஒரே பலகையா நிக்கிற பழக்கம் முதல் நாள்லயே வந்துடும், அப்புறம் உயரத்தைக் குறைச்சிட்டே வந்தா போதும். முழங்கால்ல பழகுனவங்க தரைக்கு மாறும்போது இடுப்பு தொங்குது.


சோம்பேறி_சங்கம்

இதையெல்லாம் ஏழு நிமிஷத்துல முடிக்கிற ஒண்ணு இருக்காமே? அதுல சேரலாமான்னு சங்கம் பரிசீலிக்குது. டபாட்டான்னு நாலு நிமிஷத்துல ஒண்ணு இருக்குன்னும் கேள்விப்பட்டேன். நாலுதான் எங்களுக்கு இன்னும் பொருத்தம்.


பின்வரிசை

ஏழு நிமிஷம் 2013ல ஒரு அமெரிக்க உடற்பயிற்சி இதழ்ல வந்தது. 12 பயிற்சி, ஒவ்வொண்ணும் 30 விநாடி, நடுவுல 10 விநாடி ஓய்வு. நாற்காலியும் சுவரும் போதும். ஆனா அதை எழுதுனவங்களே ரெண்டு மூணு சுற்று பண்ணலாம்னு சொன்னாங்க. தலைப்பு மட்டும் ஏழோட நின்னுபோச்சு. அதுல குதிக்கிறதும் உண்டு, கதவோரத்தோட கீழ்வீட்டுக்காரங்களுக்கு ஆகாது.

டபாட்டா கதை வேற. ஜப்பான்ல இசுமி டபாட்டா குழு 1996ல வெளியிட்டது. ஆய்வகத்துல நிக்கிற சைக்கிள், 20 விநாடி ஓட்டம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு சுற்று. அந்த 20 விநாடி உழைப்பு, அவங்க உடம்பு அதிகபட்சமா ஆக்சிஜன் எடுத்துக்கிற அளவுக்குரிய உழைப்பைவிட 70 சதவீதம் கூடுதல். பண்ணவங்க நல்லாப் பழகுன இளம் விளையாட்டு மாணவர்கள். முடிச்சதும் ஆள் எழுந்து நிக்க முடியாது. வீட்டுல நின்ன இடத்துல முழங்கால் தூக்கிட்டு அதுக்கு டபாட்டான்னு பேர் வைக்கிறதுல தப்பில்லை, ஆனா அந்த ஆய்வோட பலனை அதுக்கு எழுதி வச்சுக்க முடியாது. திரும்பி வர்றவங்களுக்கு நிஜமான டபாட்டா வேண்டவே வேண்டாம்.


நிலா_ஈரம்

மலர் அக்கா, இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். பிரசவம் ஆகி சில மாதங்கள். கயிறில்லாமல் சும்மா குதித்தாலே சிறுநீர் சொட்டுகிறது. பிரசவம் ஆனால் அப்படித்தான், போகப்போகச் சரியாகும் என்கிறார்கள். அதுவரை எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாதா?


மலர்_இயன்முறை

மன்னிப்பெல்லாம் எதற்கு நிலா, கேட்கவேண்டிய கேள்வி. பலருக்கு இருக்கிறது என்பது உண்மை. பலருக்கு இருப்பதால் சகித்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மையில்லை. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம், அதற்குப் பயிற்சி உண்டு, பெரும்பாலானவர்களுக்குப் பலன் தெரியும். இடுப்புத் தளத்தில் தனிப்பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரை ஒருமுறை நேரில் பாருங்கள், ஏனென்றால் சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று தானாகத் தெரிந்துகொள்வது கடினம். இறுக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி முக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நடக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம், எழும்போது மூச்சை வெளியே விட்டபடி அந்தத் தசையை மேல்நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கலாம். சுவரில் கை வைத்துத் தள்ளலாம். குதிப்பதும் ஓடுவதும் பிரசவத்துக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் வேண்டாம். மூன்று மாதம் கடந்தாலும் சொட்டுவது நிற்கும்வரை வேண்டாம், கீழே ஏதோ கனமாக இறங்குவது போன்ற உணர்வு இருந்தாலும் வேண்டாம். வயிற்றுப் பயிற்சி செய்யும்போது நடுவயிறு கூம்பி மேலே புடைத்தால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு உங்களுக்குக் கூடாதது. அறுவைசிகிச்சைப் பிரசவம் என்றால் உங்கள் மருத்துவர் தையலைப் பார்த்துச் சரி சொன்ன பிறகு.


நிலா_ஈரம்

கூம்பிப் புடைக்கிறது. அது என்னவென்றே தெரியாமல் இருந்தேன். நேரில் போய்ப் பார்க்கிறேன் அக்கா, நன்றி.


விறகுவெட்டி

சரி, நானும் கொஞ்சம் நிதானமாவே எழுதுறேன். முதல் நாள் நூறு வேண்டாம், ஒத்துக்கிட்டேன்னே வச்சுக்கோங்க. ஆனா இங்க ஒருத்தரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. மெதுவா ஆரம்பிக்கிறவங்கள்ல முக்காவாசிப் பேர் மெதுவாவே நின்னுடுறாங்க. மேசையில கை வச்சு பத்துத் தண்டால், நாற்காலியில பத்து உட்கார்ந்து எழுந்திரிக்கிறது, ஆறு மாசம் கழிச்சு கேட்டாலும் அதே பத்து. உடம்பு ஏன் மாறலைன்னு வேற கேப்பாங்க. அதுக்குப் பேர் பயிற்சி இல்லை, சமாதானம்.


மலர்_இயன்முறை

இதை மறுக்க மாட்டேன். என்னிடம் வருகிறவர்களில் அடிபட்டவர்களைப் போலவே, தேறவேண்டிய அளவு பளுவே கொடுக்காமல் மாதக்கணக்கில் அதே பயிற்சியைச் செய்துகொண்டிருப்பவர்களும் உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் குறைவாகச் செய்வது ஒரு கட்டம். அதற்கு மேல் அப்படியே இருந்தால் தசைநாணும் கெட்டிப்படாது. அதற்கும் பளுதான் மருந்து.


பின்வரிசை

இந்த இடத்துல நான் விறகுவெட்டி பக்கம். கருவி இல்லாத பயிற்சியோட பலவீனமே இதுதான். ஜிம்னா அடுத்த தட்டைப் போட்டா போதும். இங்க எடை மாறாது, நம்ம உடம்பு எடைதான், அதனால எண்ணிக்கையைக் கூட்டிட்டே போவாங்க. 30 வரைக்கும் அது வேலை செய்யும். அஞ்சு எடுத்தாலும் முப்பது எடுத்தாலும் கடைசி ஒண்ணு ரெண்டு கஷ்டமா இருக்கிற அளவுக்குப் போனா தசை வளர்றது ஏறக்குறைய ஒண்ணுதான். 30ஐத் தாண்டியும் சிரமம் தெரியலைன்னா அது தசைக்கான வேலை இல்லை, பொறுமைக்கான வேலை.

அந்தக் கட்டத்துல எண்ணிக்கையை விட்டுட்டு அசைவைக் கடினமாக்கணும். பஸ்கியை எடுத்துக்கோங்க. கீழ இறங்க மூணு விநாடி, அடியில ரெண்டு விநாடி நின்னு அப்புறம் எழுந்திரிங்க. இருபது எடுத்தவருக்குப் பத்தே மலையா இருக்கும். அது சுலபமாச்சுன்னா ஒரு கால் முன்னாடி ஒரு கால் பின்னாடி வச்சு ஸ்பிளிட் ஸ்குவாட். அடுத்தது பின்காலை நாற்காலி மேல தூக்கி வச்சு அதே இது. அதுக்கும் மேல ஒத்தக்கால்ல நாற்காலியில இருந்து எழுந்திரிக்கிறது. இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்த ஒருத்தர் எனக்குக் கருவி இல்லை, கால் வளரலைன்னு சொல்லி நான் கேட்டதில்லை. இடுப்பைத் தூக்குற பயிற்சி, கெண்டைக்காலுக்குக் குதிகால் தூக்குறது ரெண்டுக்கும் ஒத்தக்கால் வித்தை பொருந்தும்.

முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு பழைய கட்டளை இருக்கே, அதை வச்சுக்கிட்டு முன்னாடி போகாம பின்னாடி சாயாதீங்க. படியிறங்கும்போதே தாண்டுது. வலி இல்லைன்னா தாண்டலாம்.


கதவோரம்

கேட்கவே தெம்பா இருக்கு. இழுக்கிறதுக்கு யாரும் பதில் சொல்லலையே?


பின்வரிசை

ஏன்னா அதுக்கு நல்ல பதில் இல்லை. உண்மையைச் சொல்லணும்னா வீட்டுல வெறுங்கையோட முடியாத ஒரே விஷயம் அதுதான். தள்ளுறதுக்குத் தரை எதிர்த்து நிக்கும். இழுக்கிறதுக்கு எதையாவது பிடிச்சாகணும்.

கனமான, ஆடாத மேசைன்னா அடியில படுத்து விளிம்பைப் பிடிச்சு நெஞ்சை மேல இழுக்கலாம். முழங்காலை மடக்கினா சுலபம், நீட்டினா கஷ்டம். மேசை ஒரு பக்கமா ஏறுமான்னு முதல்ல கையால அழுத்திப் பாருங்க. கண்ணாடி மேசைப் பக்கமே போகாதீங்க.


விறகுவெட்டி

கதவுல போர்வை. ஒரு கெட்டியான விரிப்பை எடுத்து நுனியில பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி கதவு மேல போட்டுச் சாத்திடுங்க. இந்தப் பக்கம் தொங்குறதைப் பிடிச்சுப் பின்னாடி சாஞ்சு இழுக்க வேண்டியது. கால் கதவுக்குக் கிட்ட போகப்போகக் கஷ்டம்.


மலர்_இயன்முறை

நல்ல வழிதான், ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உங்களிடமிருந்து விலகி அந்தப் பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தால் நீங்கள் இழுக்க இழுக்க அது சட்டத்தில் அழுந்தும். உங்களை நோக்கித் திறக்கும் கதவில் தாழ்ப்பாள் மட்டும்தான் உங்களைத் தாங்குகிறது, அது விட்டால் பின்மண்டைதான் தரையில் அடிக்கும். எதுவானாலும் தாழிட்டு, அந்தப் பக்கம் குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு. இற்றுப்போன கீலில் வேண்டாம்.

கதவும் மேசையும் ஒத்துவராதவர்கள் குப்புறப் படுத்து நெற்றியைத் தரையில் வைத்து, முழங்கையை மடக்கித் தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கைகளைத் தூக்கிப் பிடியுங்கள். நாள் முழுக்கக் கணினி முன் கூனி உட்காருகிறவர்களுக்குப் பத்து எடுத்தாலே நடுமுதுகு எரியும். எடை கொடுத்து இழுப்பதற்கு ஈடாகாது, ஒன்றுமில்லாததற்கு நல்லது.


அறுபதைத்_தாண்டியவன்

இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நானும் ஒரு சந்தேகம் கேட்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அப்படியே நிற்பது அழுத்தத்தைக் குறைக்கும் என்று எங்கோ படித்தேன். மூச்சைப் பிடித்துச் செய்யும் பயிற்சி ஆகாது என்று என் மருத்துவர் முன்பு சொன்னார். இரண்டும் எப்படிச் சரியாகும்?


மலர்_இயன்முறை

இரண்டுமே சரிதான் ஐயா. 2023ல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அசையாமல் தாங்கிநிற்கும் பயிற்சிகள் ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் நடை, ஓட்டம், எடைப் பயிற்சி எல்லாவற்றையும்விட முன்னால் நின்றன, அவற்றிலும் சுவர்ப் பஸ்கி நல்ல பலன் காட்டியது. இரண்டு நிமிடம் தாங்கி, நடுவில் ஓய்வெடுத்து, அப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள் என்பதுதான் வழக்கமான அளவு.

ஆனால் தாங்கிநிற்கும் அந்த நேரத்தில் அழுத்தம் ஏறும். வாரக்கணக்கில் செய்யும்போதுதான் ஓய்வுநிலை அளவு இறங்கும். மூச்சைப் பிடித்தால் அந்த ஏற்றம் இன்னும் கடுமையாகிவிடும், உங்கள் மருத்துவர் சொன்னது அதைத்தான். எனவே தொடை தரைக்கு இணையாக இறங்க வேண்டாம், பாதி தூரம் இறங்கினால் போதும். முதலில் அரை நிமிடம். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நில்லுங்கள், எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. உங்கள் அளவு இப்போது கட்டுக்குள் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

உங்கள் வயதில் நான் இன்னொன்றைச் சேர்ப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதோடு, 65ஐத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சொல்லியிருக்கிறார்கள். சமையல்மேடையை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும் அதில் சேரும். கீழே விழாமல் இருப்பதற்கு இவை பெரிதும் உதவும்.


அறுபதைத்_தாண்டியவன்

தெளிவாகிவிட்டது அம்மா. வாய்விட்டு எண்ணினால் வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.


சோம்பேறி_சங்கம்

வயிற்றைக் குறைக்க மட்டும் தனியா எதாவது இருக்கா? மத்த இடம் எல்லாம் நல்லா இருக்கு.


பின்வரிசை

இல்லை. வயித்துக்குப் பயிற்சி பண்ணா வயித்துத் தசை பலப்படும். மேல இருக்கிற கொழுப்பு எங்க இருந்து முதல்ல கரையணும்னு உடம்புதான் முடிவு பண்ணும்.


மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு குறிப்பு: நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அவசர உதவியை நாடுங்கள், இங்கே வந்து கேட்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதை நினைவில் வைத்து, தங்கள் மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ளுங்கள்.


கதவோரம்

சில வாரம் கழிச்சு வர்றேன். நிலவரம் இது.

மேசைத் தண்டால்ல ஆரம்பிச்சு இப்ப நாற்காலி உயரத்துக்கு வந்தாச்சு. பஸ்கி மூணு விநாடி இறக்கம். கதவுல போர்வை, அந்தப் பக்கம் திறக்கிற கதவுதான், பார்த்துட்டுத்தான் பண்றேன். நடுவுல ஒரு பக்கப் பிளாங்க், அதாவது பக்கவாட்டுல படுத்து முழங்கையை ஊன்றி உடம்பை நேரா தூக்கிப் பிடிக்கிறது. எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்தைத் தாண்டலை. மூச்சு சீக்கிரம் தேறிடுச்சு, மலர் மேடம் சொன்ன மாதிரியே. இப்ப கூட்டணும்னு கை பரபரக்குது.

சந்தேகம் ரெண்டு. முதல் தடவை மறுநாளைவிட அதுக்கடுத்த நாள் தொடை அதிகமா வலிச்சுது. இப்ப அதே பயிற்சிக்கு வலியே இல்லை. வலி இல்லைன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தமா? ரெண்டாவது, போன வாரம் குழந்தைக்கு உடம்பு சரியில்லாம மொத்தமா விட்டுப்போச்சு. பழக்கம் வர 21 நாள் தொடர்ந்து பண்ணணும்பாங்களே, திரும்ப ஒண்ணுல இருந்தா?


மலர்_இயன்முறை

அந்த வலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும், அதனால்தான் இரண்டாம் நாள் கூடுதல். லாக்டிக் அமிலம் தேங்கி வருவது என்பார்கள், அது பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். பழக்கமில்லாத இழுவையில் தசை இழைகளுக்கு ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதன் பின்விளைவும்தான் காரணம், அதிலும் இறங்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிறதே, அப்போதுதான் அதிகம். ஒருமுறை பட்டபின் அதே அசைவுக்குத் தசை சில வாரங்களுக்குக் காப்புப் பெற்றுவிடும். ஆகவே வலி நின்றது நல்ல சேதி. முன்னேற்றத்தை வலியால் அளக்காதீர்கள், நாற்காலி உயரம் குறைகிறதா என்று பாருங்கள்.

கை பரபரக்கிறது என்றீர்கள், நான் முன்பு சொன்ன மூன்றாவது நான்காவது வாரம் இதுதான். கூட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். இந்த வாரம் செட் கூடினால் அசைவைக் கடினமாக்க வேண்டாம். மூட்டையொட்டி வலி வந்தால் பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம். அதைத் தாண்டினால் அந்த அசைவை ஒரு படி இறக்குங்கள், மற்றவற்றை நிறுத்த வேண்டியதில்லை.


பின்வரிசை

21 நாளுக்கு ஆதாரம் கிடையாது. லண்டன்ல யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. ஒரு செயல் யோசிக்காமத் தானா வர்ற நிலைக்குப் போக நடுத்தரமா 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18ல இருந்து 254 வரைக்கும். நடுவுல ஒருநாள் விட்டது பழக்கத்தைப் பெருசா பாதிக்கலை. உங்களுக்குப் போனது ஒரு வாரம், அது கூடுதல்தான். ஆனா பலம் ஒரு வாரத்துல எங்கயும் போகாது. முதல் நாள் மட்டும் ஒரு செட் குறைச்சுப் பண்ணிட்டு விட்ட இடத்துலயே தொடருங்க.


விறகுவெட்டி

வேலை அதிகமா இருக்கிற வாரத்துல ஒரே நாள், ஆனா அந்த ஒருநாள் கடுமையா. அதுலயே இருக்கிறது தங்கும். மொத்தமா விடுறதுதான் ஆபத்து.


மலர்_இயன்முறை

இளையவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். வயதானவர்களுக்குத் தசையளவைத் தக்கவைக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தேவைப்படும். ஆனால் இந்த இழையில் முதன்முறையாக நானும் விறகுவெட்டியும் ஒரே பக்கம்.


விறகுவெட்டி

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன் மேடம்.


கதவோரம்

பின்தொடைக்கு மட்டும் ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு. இடுப்பைத் தூக்குறது ரெண்டு காலுக்கும் சுலபமாயிடுச்சு. ஒத்தக்கால்ல பண்ணா பிடிச்சு இழுக்குது.


பின்வரிசை

தரை வழவழப்பா இருக்கா? மல்லாந்து படுத்து குதிகாலுக்கு அடியில ஒரு துணி. இடுப்பைத் தூக்கி வச்சுக்கிட்டே ரெண்டு காலையும் மெதுவா வெளியே சறுக்க விடுங்க, முழுசா நீண்டதும் இடுப்பைக் கீழே வச்சு, காலை மடக்கி மறுபடி. முதல்ல வெளியே போறது மட்டும். திரும்ப உள்ள இழுக்கிறது அதுக்கப்புறம் வரும், அவசரப்பட்டா இப்ப பிடிச்ச இடத்துலயே மறுபடி பிடிக்கும். சாக்ஸ் போட்டிருந்தா துணியும் வேண்டாம்.